பள்ளிக்குப் போக அஞ்சும் பிள்ளையின் பாடம் நிற்கக் கூடாது

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது. சனி, ஞாயிறு என்றால் பிள்ளை ஓடியாடி விளையாடுகிறான். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. ஆனால் சீருடையைக் கையில் எடுத்ததும் முகம் செத்துப் போகிறது. நம் வீடுகளில் இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, "படிக்கக் கள்ளம்" என்று முதுகில் ஓர் அடி. இன்னொன்று, "இவனுக்குப் படிப்பு ஏறாது, கொத்தனார் வேலைக்கு அனுப்பிவிடலாம்" என்ற முடிவு. இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "பள்ளியில் உன்னை யார், என்ன செய்கிறார்கள்?"

பையைத் தூக்கி வரச் சொல்வது, கடைக்கு ஓடச் சொல்வது, சாப்பிடும் இடத்தில் தள்ளி உட்காரச் சொல்வது, ஊர்ப் பெயரைக் கேட்டு உள்ளர்த்தத்தோடு சிரிப்பது, வருகைப் பதிவின்போது உதவித்தொகைப் பட்டியலை உரக்க வாசிப்பது. இவற்றில் எதுவும் மருத்துவரிடம் காட்டக்கூடிய காயத்தை விட்டுச் செல்வதில்லை. அதனால் பெற்றோருக்கும் தெரிவதில்லை. தெரியும்போது பிள்ளை பள்ளியைவிட்டு ஏற்கெனவே பாதி விலகியிருக்கிறது. இப்படி மிரட்டப்பட்டு, ஒதுக்கப்பட்டு, வகுப்பில் வாயடைத்துப் போன பிள்ளைக்கு இணையவழிப் படிப்பு என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதையே இந்த வாரம் பேசுகிறோம்.

நாங்குநேரி சொல்லும் பாடம்

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பு அந்த மாணவர் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் தனக்கு நடந்துவந்த தொல்லைகளைச் சொன்னார். புகார் போன கையோடு அரிவாள் வந்தது.

அந்தச் 'சில நாள் வரவில்லை' என்பதைக் கூர்ந்து பாருங்கள். வருகைப் பதிவேட்டில் அது வெறும் விடுப்பு. உண்மையில் அது ஒரு பிள்ளை எழுப்பிய அபாயக் குரல். பள்ளிக்குப் போகாமல் இருப்பது ஒன்றுதான் அவருக்கு அப்போது தெரிந்த பாதுகாப்பு. அந்த நாள்களில் பாடம் வீட்டுக்கு வர வழி இருந்ததா, அவருடைய புகாரைக் காதும் காதும் வைத்ததுபோல் விசாரிக்க ஆள் இருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டியது.

அதன் பிறகு நடந்ததும் நமக்குப் பாடம். அந்த மாணவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோதும் படிப்பை விடவில்லை. வெட்டுப்பட்ட கையால் எழுத முடியாததால், சொல்வதை எழுதும் உதவியாளர் துணையோடு தேர்வு எழுதினார். 2024 மே மாதம் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். கல்லூரிக்கும் போனார். பள்ளிக் கட்டடத்துக்குள் நுழைய முடியாத ஒரு பிள்ளையைத் தேடிப் பாடமும் தேர்வும் போக முடியும் என்பதை அந்த ஓராண்டு காட்டியது. ஆனால் அரிவாள் விழுந்த பிறகுதான் அது நடந்தது. விழுவதற்கு முன்பே அப்படி நடக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

வகுப்பறை மட்டுமல்ல, வகுப்பறைக்குப் போகும் வழியும் ஆபத்தாக இருக்கிறது. 2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புத் தலித் மாணவரை வழிமறித்து வெட்டினார்கள். அவருடைய கைவிரல்கள் துண்டிக்கப்பட்டன.

திரை முன்னால் எது மாறுகிறது

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளையை நினைத்துக்கொள்வோம். கணக்கு அவளுக்கு நன்றாக வரும். ஆனால் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டால் பின்பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வரும். கரும்பலகைக்குப் போய் வந்தால் நோட்டில் ஏதாவது கிறுக்கியிருக்கும். ஒரு பருவம் போவதற்குள் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறாள். அடுத்த பருவத்தில் மதிப்பெண் இறங்குகிறது. ஆசிரியர் "கவனக் குறைவு" என்று எழுதுகிறார். அவள் கவனம் முழுக்க முதுகுக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்பதிலேயே இருக்கிறது. அந்தக் கவனத்தை மீட்டால் போதும், கணக்கு தானாக வரும்.

அதே பாடத்தை அவள் ஒரு கைப்பேசியில் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு முன்பெஞ்சும் இல்லை, பின்பெஞ்சும் இல்லை. புரியாத இடத்தை நிறுத்தி நான்கு முறை போட்டுப் பார்க்கலாம். நான்காவது முறை யாரும் சிரிக்கப் போவதில்லை. சந்தேகத்தை எழுதி ஆசிரியருக்கு மட்டும் அனுப்பலாம். பயிற்சித் தேர்வில் 10க்கு 3 வாங்கினால் அது அவளுக்கு மட்டும் தெரியும். மறுநாள் அதையே எழுதி 8 வாங்கலாம். பேருந்துக்குக் காத்து நின்று, அங்கே கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு போய்வரும் நேரமும் மிச்சம்.

ஒரு மாதம் இப்படிப் போனால் முதலில் திரும்பி வருவது தூக்கம். பிறகு பசி. பிறகுதான் மதிப்பெண். "எனக்கு மண்டையில் ஏறாது" என்று தன்னையே நம்பவைத்துக்கொண்ட பிள்ளை, தனக்கு ஏறும் என்று தானே கண்டுபிடிக்கும்போது உண்டாகிற நிமிர்வு பெரிது. இணையவழிப் படிப்பின் உண்மையான பயன் இதுதான். பயம் இல்லாத ஓர் இடத்தில் தன் அறிவைத் தானே அளந்து பார்க்க அது வாய்ப்புத் தருகிறது.

இது நமக்குப் புதிதல்ல

ஒதுக்கிடம் தேடிப் படிப்பது நம் முன்னோர் அறிந்ததுதான். இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கை வரலாற்றை 1939ஆம் ஆண்டு 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலாக எழுதினார். கோயம்புத்தூரில் தாம் படித்த காலத்தை அதில் சொல்கிறார். ஏறத்தாழ 400 பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் போக மற்றவர்கள் எல்லாம் பார்ப்பன மாணவர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாருடனும் பழகாமல், வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். வகுப்பு முடிந்ததும் வேகமாக வீடு திரும்பிவிடுவாராம். அண்ணல் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிப்பையில் தனியே உட்கார்ந்து படித்ததும், பள்ளிப் பணியாளர் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று தாகத்தோடு இருந்ததும் அவரே எழுதியவை.

கதவு சாத்தப்பட்டபோது நம்மவர்கள் வேறு வகுப்பறை கட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் தொடர்பும் ஊக்கமும் இருந்த காலத்தில், கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் தலித் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். அங்கே படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி வகுப்பறை கட்டியவர்கள் பொதுப் பள்ளியின் மீதான உரிமையை ஒருநாளும் எழுதிக் கொடுக்கவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே நின்ற அதே இரட்டைமலை சீனிவாசன்தான் பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தில் நின்று, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒதுங்கி நின்று பலம் சேர்த்துக்கொண்டு, உரிமையோடு உள்ளே வந்தார்கள். இணையவழிப் படிப்பையும் நாம் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

கைக்கு எட்டும் வழிகள்

இணையவழிப் படிப்பு என்றதும் மாதம் பல ஆயிரம் கட்டும் செயலிகளையே பலரும் நினைக்கிறார்கள். அவை இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

அரசுப் பாடநூலில் பாடத்துக்குப் பாடம் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் திக்ஷா செயலி வழியாகப் படம் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான விளக்கம் வரும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் கேபிளிலும் யூடியூபிலும் கிடைக்கின்றன. பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி 2023இல் வந்தது. நம் பாடத்திட்டத்தின்படியே தமிழில் காணொளிகள் இருக்கின்றன. இவை எல்லாமே இலவசம். பள்ளியில் பெயர் இருக்கும் பிள்ளை, சில வாரம் வீட்டிலிருந்து படிக்க இவை போதும். வாரம் இரண்டு முறை ஓர் ஆசிரியர் கைப்பேசியில் பேசி, வீட்டுப்பாடத்தைப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

எந்தச் சூழ்நிலையிலும் பள்ளிக்குத் திரும்ப முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. இது மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989இல் தொடங்கப்பட்ட நிறுவனம். 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டுக்குள், 9 வாய்ப்புகளில், ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. மனம் உடைந்து ஓர் ஆண்டைத் தொலைத்த பிள்ளைக்கு இந்த நிதானம் பெரிய உதவி. இன்னொன்று, நம் மாநிலத் தேர்வுத் துறை நடத்தும் தனித்தேர்வர் முறை. வயது, முந்தைய வகுப்பு, அறிவியல் செய்முறை ஆகியவற்றுக்கு விதிகள் உண்டு. அவற்றை மாவட்டத்தில் உள்ள தேர்வுத் துறைச் சேவை மையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

'இணையப் பள்ளி' என்று விளம்பரம் செய்யும் தனியாரிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடிவில் சான்றிதழ் தருவது எந்த வாரியம்?" நேரான பதில் வராவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மாற்றுச் சான்றிதழை அவசரப்பட்டு வாங்காதீர்கள்

புகார் சொல்லப் போகும் பெற்றோரிடம் சில பள்ளிகளில் மெதுவாக ஒரு யோசனை வைப்பார்கள். "பிள்ளைக்குத்தான் கஷ்டம். டிசி தந்துவிடுகிறோம், வேறு எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே படிக்க இப்போது எவ்வளவோ வழி இருக்கிறதே." கேட்க அக்கறை போல இருக்கும். நடப்பது என்ன? அடித்தவன் வகுப்பில் இருப்பான், அடிபட்டவன் வெளியே போவான். பள்ளிக்குப் புகாரும் முடிந்தது, பிரச்சினையும் முடிந்தது. நம் பிள்ளைக்கு மட்டும் எதுவும் முடிந்திருக்காது.

வெளியே போனால் என்னென்ன போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் பள்ளிப் படிப்பை எங்கே முடித்தார்கள் என்று பார்த்தே தரப்படுகின்றன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமைக்கும் பள்ளியில் வாங்கும் சான்றுதான் அடிப்படை. இவற்றோடு சத்துணவு, இலவசப் பேருந்துப் பயணம், மிதிவண்டி, உதவித்தொகை. பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயர் போனால் இவையெல்லாம் கேள்விக்குறியாகும்.

ஆகவே நம் முதல் நிலைப்பாடு இதுவாக இருக்க வேண்டும்: பெயர் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கட்டும், பாடம் சில காலம் வீட்டுக்கு வரட்டும். அந்தக் காலத்துக்குள் பள்ளி தன்னைச் சரிசெய்துகொள்ளட்டும். பள்ளியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். அப்போதும் புகாரைக் கைவிடாதீர்கள். திறந்தநிலைப் பள்ளியும் தனித்தேர்வும் வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டியவை. அந்த முடிவையும் பிள்ளையை உட்காரவைத்துக் கேட்டே எடுக்க வேண்டும்.

ஒரே கைப்பேசி உள்ள வீடு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் போய்விட்டது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெண் பிள்ளையின் முறை கடைசியில் வந்தது. சிக்னல் தேடி மாடியிலும் மரத்தடியிலும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சிலர் பஞ்சாலைக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். பெண் பிள்ளைகள் சிலருக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. வீட்டிலிருந்து படிப்பது வீட்டோடு நின்றுபோவதாக மாறிய அந்தக் காலத்தை நாம் மறக்கக் கூடாது.

அதனால் இணையவழிப் படிப்பை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தெருவுக்கு ஓர் இடம் வேண்டும். கிளை நூலகம், சமுதாயக் கூடம், அம்பேத்கர் பெயரில் உள்ள மன்றம் என ஏதாவது ஒன்றில் மாலை இரண்டு மணி நேரம் விளக்கும் மின்விசிறியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். நம் தெருக்களில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டால் ஐந்து பேரில் ஒரு பள்ளியே நடக்கும். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் செய்தது இதுதான். அந்த அனுபவம் உள்ள அக்காக்கள் பலர் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். கூட்டாக உட்கார்ந்து படிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மிரட்டப்பட்ட பிள்ளை தனிமையில் மேலும் சுருங்கிப் போகாமல், பயமில்லாத நட்பை அங்கே பெறும்.

கைப்பேசிக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் முகப்புப் படத்தில், ஸ்டேட்டஸில், ரீல்ஸ் பாட்டில் அது மீசை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வகுப்பில் மிரட்டியவன் இரவு பதினோரு மணிக்கும் செய்தி அனுப்ப முடியும். ஆகவே பாடத்துக்கான குழுவில் ஆசிரியர் மட்டுமே பதிவிடும்படி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் எண்ணை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். இழிவான செய்தி வந்தால் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், அனுப்பிய எண் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். அது சாட்சி.

பள்ளி பதில் சொல்ல வேண்டும்

நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. அந்தக் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லோர் முன்னும் அறிவிக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள் அதில் உள்ளன. இவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் இவற்றில் எத்தனை நடக்கின்றன என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. நம்மவர்களும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். என்றைக்கு, எங்கே, யார், என்ன சொன்னார், யார் பார்த்தார் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். அதே கடிதத்தில், "விசாரணை முடியும்வரை என் பிள்ளைக்குப் பாடம் நிற்கக் கூடாது, ஆசிரியர்கள் கைப்பேசி வழியாகப் பாடம் தரவும் தேர்வு எழுத வைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளை வராத நாள்களுக்குக் காரணம் என்ன என்பதும் அதனால் எழுத்தில் பதிவாகிவிடும். ஒரு நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போகட்டும்.

பள்ளியில் மன உளைச்சல் தருவதும் அடிப்பதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. பொதுப்பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுசெய்வது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் புகாருக்கு முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. கடமையைச் செய்யாத அரசு ஊழியர்மீது நடவடிக்கை எடுக்கவும் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. குற்றம் செய்தவர் 18 வயதுக்குக் கீழே இருந்தால் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அவனும் ஒரு சிறுவன்தான். அவன் கையில் கயிறு கட்டி அனுப்பியவர்கள் பெரியவர்கள் என்பதை நாம் அறிவோம். அவனைத் திருத்துவது பள்ளியின் வேலை, அவன் வீட்டாரின் வேலை. அதற்கான விலையை நம் பிள்ளையின் படிப்பு கொடுக்க முடியாது.

இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக்கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417. வன்கொடுமைப் புகாருக்கு 14566. மனம் சோர்ந்து, தூக்கம் கெட்டு, உயிரை வெறுத்துப் பேசும் பிள்ளை இருந்தால் 14416. அங்கே ஆலோசகர்கள் கட்டணமில்லாமல் பேசுவார்கள்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் இன்று காலையும் அந்தப் பயத்தோடுதான் பையை மாட்டியிருப்பீர்கள். உங்களிடம் தனியாக மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும்.

நடப்பதை ஒருவரிடமாவது சொல்லுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் அத்தையிடம், அண்ணனிடம், நம்பும் ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருப்பதால் வீட்டுக்கு வரும் சண்டையைத் தடுக்கிறோம் என்று நினைப்பீர்கள். உங்களைத் தொல்லைப்படுத்துபவர்களுக்கு அந்த மௌனம்தான் தைரியம் தருகிறது.

பள்ளிக்குப் போக முடியாத நாளிலும் கால அட்டவணையை விடாதீர்கள். பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு நீங்களும் உட்காருங்கள். முக்கால் மணி நேரம் ஒரு பாடம், பத்து நிமிடம் ஓய்வு. காணொளியைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, பார்த்ததை நோட்டில் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எழுதாத பாடம் தங்காது. மாலையில் வெளியே வந்து நாலு பேரோடு விளையாடுங்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் பயம் வளரும்.

மூன்றாவது, வீட்டில் இருந்து படிப்பதைத் தோற்று ஓடிவந்ததாக எண்ண வேண்டாம். மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து படித்தவர் சட்டமன்றத்துக்குப் போனார். கோணிப்பையில் உட்கார்ந்தவர் அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் இருந்து படித்துத் தேறிய பிள்ளை ஒருநாள் அதே பள்ளியின் வாசலில் தேர்வு நுழைவுச் சீட்டோடு வந்து நிற்கும். அன்றைக்குள் அந்தப் பள்ளி என்னென்ன மாறியிருக்க வேண்டும் என்ற பட்டியலை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைப்போம். உங்கள் ஊரில் அந்தக் கூட்டம் எந்தத் தேதியில் என்று இன்றே கேட்டு வையுங்கள்.